சனியைப் பார்க்க மாட்டேன் டீச்சர்

சூரியக் குடும்பம் பாடத்தைப் பத்தொன்பது வருடங்களாக ஆறாம் வகுப்புக்கு நடத்தி வருகிறேன். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்பது கோள்கள் இருந்தன. 2006-ல் புளூட்டோவை எடுத்துவிட்ட பிறகு ஒரு பெயர் குறைந்தது, அவ்வளவுதான். வருடா வருடம் தெர்மாகோல் உருண்டை வாங்கி வர்ணம் அடித்து, சனிக்கு மட்டும் பழைய வளையல் ஒன்றை மாட்டி, வகுப்பு விட்டத்தில் நூல் கட்டித் தொங்கவிடுவோம். பார்வைக்கு வருகிற அதிகாரிகள் பாராட்டிவிட்டுப் போவார்கள். பாடம் நன்றாகத்தான் போகிறது என்று நானும் நினைத்திருந்தேன். 2019 செப்டம்பரில் ஒரு பிள்ளை தொலைநோக்கிக்கு முன்னால் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அன்றைக்கு நான் நடந்துகொண்ட விதம் இன்று வரை மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் பள்ளி ஆலங்காயம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அப்போது வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அந்த வாரம் முழுக்கச் சந்திரயான் 2 பேச்சுதான். செப்டம்பர் 6 வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி அதன் விக்ரம் கலம் நிலாவில் இறங்கப் போகிறது என்று பிள்ளைகள் ஆளாளுக்குச் செய்தி கொண்டுவந்தார்கள். அந்த ஆர்வத்தை வீணாக்க வேண்டாம் என்று, வாணியம்பாடியில் எனக்குத் தெரிந்த ஓர் அறிவியல் ஆர்வலரைக் கூப்பிட்டேன். முப்பது வயதுக்குள் இருக்கிற தம்பி. வண்டியில் தொலைநோக்கியைக் கட்டி எடுத்துக்கொண்டு சாயந்திரமே வந்துவிட்டார். மழை விட்டிருந்தது. வானத்தில் அரை நிலா, அதை ஒட்டி வியாழன், கொஞ்சம் கிழக்கே தள்ளிச் சனி. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முதலில் நிலாவைக் காட்டினார். பள்ளங்களைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். அடுத்தது வியாழன். பக்கத்தில் ஒரே கோட்டில் சின்னப் புள்ளிகளாக அதன் நிலாக்கள். கலிலியோ 1610-ல் பார்த்த அதே நான்கு நிலாக்கள் என்று சொன்னேன். மூன்றாவதாகச் சனி. வரிசை மறுபடி நகர ஆரம்பித்தபோது அந்தப் பிள்ளை மட்டும் விலகி நின்றாள். பெயர் வேண்டாம். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள், எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குகிறவள். "வா, பயப்படாதே" என்று தோளைப் பிடித்துக் கூட்டிவந்தேன். குனிந்தாள். பின்னால் நின்ற பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அவ கண்ண மூடிக்கிட்டு இருக்கா" என்று கத்தினான்.

"சனியைப் பார்க்க மாட்டேன் டீச்சர். நேரா நின்னு பாக்கக் கூடாதுன்னு ஆயா சொல்லியிருக்காங்க" என்றாள். பாட்டியைத்தான் ஆயா என்றாள். நவக்கிரக சன்னிதியில் சனி பகவானுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிற வழக்கம் நம் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நானே அப்படி ஒதுங்கி நின்ற வயதும் உண்டு. ஆனால் அன்று அது எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்த விருந்தாளி முன்னால் என் வகுப்புப் பிள்ளை இப்படிச் சொல்லிவிட்டாளே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இதெல்லாம் மூடநம்பிக்கை. அது ஒரு வாயுப் பந்து. அதைச் சுற்றிப் பனிக்கட்டி வளையம். ஆறாவது படிக்கிற பிள்ளை இப்படிப் பேசலாமா?" என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருட்டில் நின்றுவிட்டாள்.

அன்று இரவு விக்ரமோடு தொடர்பு அறுந்துபோனது. திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் முகமெல்லாம் வாடியிருந்தது. வெள்ளிக்கிழமை அவளைக் காட்டிக்கொடுத்த அதே பையன் எழுந்து, "டீச்சர், அன்னைக்கு நாம எல்லாரும் சனியைப் பாத்தோம்ல, அதனாலயா?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே பயந்துபோய்க் கேட்டான். நான் காட்டிய வளையம், சொன்ன வாயுப் பந்து, எல்லாம் இரண்டு நாளில் அவன் மனதிலிருந்து போய்விட்டது. சனி எப்போதும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் என் வகுப்பில் அவள் கை தூக்கவே இல்லை.

வீட்டில் இருக்கிற சனி

பொங்கல் கழிந்து ஒருநாள், உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். அப்பா கட்டிலில் படுத்திருந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாம், அதற்குப் பிறகு சரியாக நடக்க முடியவில்லை. இது எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆயாதான் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். சுவரில் தினசரி காலண்டர். அதற்குப் பக்கத்தில் ராசிபலன் பக்கத்தைக் கிழித்து ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

"பிள்ளைக்கு விருச்சிக ராசி டீச்சரம்மா. ஏழரை நடக்குது. அவளுக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்தே ஏழரைதான். இப்ப கடைசிக் கூறு. வர்ற மார்கழியில பெயர்ச்சி ஆனா விட்டுடும். முப்பது வருஷத்துக்கு ஒரு சுத்து, யாரையும் விடமாட்டாரு, ஆனா வந்தவரு போயிடுவாரு" என்றார். சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அது எனக்கு உறைத்தது. முப்பது வருஷத்துக்கு ஒரு சுற்று. சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்கிற காலம் ஏறத்தாழ 29 1/2 வருடம். நான் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, மறுநாள் மறந்துவிடுகிற எண். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அந்த அம்மா அதை ஒரு தப்பும் இல்லாமல் வாயில் வைத்திருக்கிறார். முப்பது வருடம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருடம் தாழ்ந்தவனும் இல்லை என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த முப்பதும் இதுதான்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். வானத்தைப் பன்னிரண்டு ராசியாகப் பிரித்திருக்கிறார்கள். முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை. சனிப்பெயர்ச்சிக்கு இரண்டரை வருடம் என்று சொல்வது இதைத்தான். நம் ராசிக்கு முந்தினது, நம் ராசி, அடுத்தது என்று மூன்று ராசிகளைக் கடக்க மூன்று இரண்டரை, ஏழரை. சின்ன வயதிலிருந்து நான் ஒரு திட்டு வார்த்தையாகவே கேட்டு வளர்ந்த ஏழரை என்ற சொல்லுக்குள் ஒரு கோளின் ஆண்டு இருக்கிறது. குருப்பெயர்ச்சி வருடத்துக்கு ஒன்று, அப்படியென்றால் வியாழன் சுற்றிவரப் பன்னிரண்டு வருடம். பாடப் புத்தகத்திலும் ஏறக்குறைய அதுதான். சனீஸ்வரன் என்று நாம் சொல்கிற பெயரே சனைச்சரன் என்பதிலிருந்து வந்தது. மெல்ல நடப்பவன் என்று அர்த்தம். மந்தன் என்று இன்னொரு பெயரும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற ஐந்து கோள்களில் மிக மெதுவாக நகர்வது சனி. தொலைநோக்கி இல்லாத காலத்தில் யாரோ வருடக்கணக்காக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பார்த்து வைத்த பெயர் அது. பயத்தில் வைத்த பெயராக எனக்குத் தெரியவில்லை. பயம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதால் நான் ஜோதிடத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 140 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போகிற ஒரு கோளால் ஒரு மனிதரின் இடுப்பெலும்பு முறியாது. வெளிச்சம் இல்லாத சாலையும் குழியும்தான் அதை முறித்தன. ஒரு குழந்தை தன் வீட்டு வறுமைக்குத் தான் பிறந்த ராசிதான் காரணம் என்று நம்பிக்கொண்டு வளர்வது எனக்குப் பொறுக்காது. ஆனால் சனியின் பாதையைப் பற்றி அந்த வீட்டில் சொன்னது சரி, அது செய்கிற வேலையைப் பற்றிச் சொன்னது தப்பு. இந்த இரண்டையும் ஒரே பிள்ளையிடம், ஒன்று மற்றதை மிதித்துவிடாமல் எப்படிச் சொல்வது? பத்தொன்பது வருட அனுபவத்தில் எனக்கு அது தெரியவில்லை. அன்று செப்டம்பரில் மொத்தத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டேன். அதோடு அவள் ஆயாவையும் போட்டுவிட்டேன்.

ஆயாவின் கணக்கும் காலண்டரும்

அந்த வருடம் எஞ்சியிருந்த இரண்டு மாதங்களில் வகுப்பில் கொஞ்சம் வேறு மாதிரி ஆரம்பித்தேன். கோள்களின் பெயர்களை நான் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை, கிழமை சொல்லத் தெரிந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் ஐந்து கோள்களின் பெயர் ஏற்கனவே தெரியும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. இத்தனை வருடம் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். இந்த முறை, "ஏன் இந்த வரிசையில் கிழமை வருகிறது? வேகத்திலும் இந்த வரிசை இல்லை, தூரத்திலும் இல்லையே" என்று கேட்டுவிட்டு, வீட்டுக் காலண்டரைக் கொண்டுவரச் சொன்னேன்.

தினசரி காலண்டரில் ஓரை போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மணி சூரியனுக்கு, அப்புறம் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், மறுபடி சூரியன். இந்த வரிசையைச் சனியிலிருந்து எழுதிப் பாருங்கள்: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். வானத்தில் மிக மெதுவாக நகர்வதில் தொடங்கி மிக வேகமாக நகர்வதில் முடிகிறது. ஏழு பேர் மாறி மாறி 24 மணி நேரத்தை நிரப்பினால், மூன்று சுற்று போக மூன்று மணி மிச்சம். அதனால் மறுநாளின் முதல் மணி மூன்று பேரைத் தாண்டி நான்காவது ஆளுக்குப் போகிறது. சனியிலிருந்து தாண்டினால் சூரியன், ஞாயிற்றுக்கிழமை. சூரியனிலிருந்து தாண்டினால் சந்திரன், திங்கட்கிழமை. அங்கிருந்து செவ்வாய். பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, ஏழும் சரியாக விழுந்ததும் மேசையைத் தட்டினார்கள். வகுத்தலில் மீதிக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பட்டிருக்கும். நல்ல நேரம் பார்க்க மட்டும் வீட்டில் மாட்டியிருந்த தாளில் இது கிடந்தது.

கோயிலில் ஒன்பது, புத்தகத்தில் எட்டு, அது எப்படி என்ற கேள்வியும் வந்தது. கோயில் ஒன்பதில் சூரியன் ஒரு விண்மீன், சந்திரன் துணைக்கோள், ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற இரண்டு இடங்கள். அந்த இடங்களுக்குப் பக்கத்தில் சூரியனும் சந்திரனும் வந்து மாட்டினால்தான் கிரகணம். பூமி அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் நின்று பார்க்கிறவர்கள் தங்களை எண்ணவில்லை. முந்தின டிசம்பர் 26 காலையில்தான் வளையச் சூரிய கிரகணம் தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து போயிருந்தது. எங்கள் ஊரில் வளையம் தெரியாது, சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. அந்த நேரத்தில் என் வகுப்பில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னேன். இத்தனை வருடம் சொல்லாமல் விட்டதற்கு வருந்துகிறேன். எங்கள் ஊரிலிருந்து மலை ஏறினால் காவலூர். ஜவ்வாது மலையில் இருக்கிற அந்த வான் ஆய்வகத்தின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியும், அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து போவதை அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் மறைக்கும் முன்பே அந்த விண்மீனின் ஒளி சில நொடி மங்கித் திரும்பியது. வேறு இடங்களிலும், ஒரு விமானத்தில் வைத்த தொலைநோக்கியிலும் இதே மாதிரி மங்கல்கள் பதிவாகின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது யுரேனஸுக்கும் வளையம் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. "நம்ம மலையிலருந்தா டீச்சர்?" என்று ஒரு குரல் கேட்டது. அவள்தான். கை தூக்காமல்தான் கேட்டாள், ஆனாலும் கேட்டாள்.

மார்ச்சில் பள்ளி மூடிவிட்டார்கள்.

ஏரிக்கரை

2020 டிசம்பர் 21 திங்கட்கிழமை வியாழனும் சனியும் வானத்தில் சேர்ந்து நிற்கப் போகின்றன என்று நவம்பரிலேயே அந்தத் தம்பி தகவல் சொல்லிவிட்டார். இருபது வருடத்துக்கு ஒருமுறை வியாழன் சனியை முந்திப் போவது வழக்கம்தான், ஆனால் இவ்வளவு நெருக்கமாக முந்துவது 1623-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. முழுநிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி. தொலைநோக்கியில் இரண்டும் ஒரே வட்டத்துக்குள் தெரியும். நிவர் புயலும் புரெவியும் கொட்டித் தீர்த்த மழையில் ஏரி நிறைந்திருந்தது. கரையில் நின்றால் மேற்கே ஏலகிரி வரைக்கும் மறைப்பில்லை. பக்கத்துத் தெருக்களில் இருந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவளும் வந்தாள், கூடவே ஆயாவும்.

ஆயா வந்த காரணம் எனக்குத் தெரியும். அந்த டிசம்பரில் பேச்செல்லாம் 27-ந் தேதி சனிப்பெயர்ச்சியைப் பற்றித்தான். தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ராசிக்கு ஒரு பலன். ஆயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சரம்மா, இன்னும் ஆறே நாள். இத்தினி வருஷம் பொறுத்தாச்சு. 27-க்கு அப்புறம் எத்தினி வாட்டி வேணாலும் பாக்கட்டும்" என்றார்.

எனக்குள் பழைய டீச்சர் எழுந்து நின்றாள். 1623-க்குப் பிறகு வருகிற காட்சி, ஆறு நாள் காத்திருக்காது, இந்த அம்மாவிடம் என்ன பேச்சு என்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருட்டில் நின்ற உருவமும் கூடவே ஞாபகம் வந்தது. "சரிம்மா" என்றேன். "இன்னைக்கு அவ குருவை மட்டும் பாக்கட்டும்." சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். குருவை மட்டும் பார்க்க முடியாது. கண்ணை வைத்தால் இரண்டும் சேர்ந்துதான் தெரியும். அதைச் சொல்லாமல் மறைத்து அவளைக் குனிய வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு பிள்ளையை ஏமாற்றி வானத்தைக் காட்டினால், அடுத்த முறை நான் சொல்கிற எதை அவள் நம்புவாள்? அதனால் ஆயாவிடம் உள்ளதைச் சொன்னேன். "அம்மா, இன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறாங்க. குருவைப் பாத்தா சனியும் தெரியும். வேணாம்னா வேணாம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

ஆயா மேற்கே பார்த்தார். நல்ல இருட்டு வரவில்லை, ஆனாலும் ஏலகிரிக்கு மேலே அந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல் தெரிந்தன. பெரியது பிரகாசமாக, சின்னது கொஞ்சம் மங்கலாக. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பக்கத்துல நிக்கிறது குருவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "குரு பாக்கக் கோடி நன்மைம்பாங்க. அவரே கூட நிக்கும்போது இவரு என்ன பண்ணிடப் போறாரு" என்று சொல்லிவிட்டுப் பேத்தி பக்கம் திரும்பி, "போ, பாரு" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் இன்னமும் சுற்றிச் சுற்றி வருகிறேன். அவளைத் தொலைநோக்கி வரைக்கும் கொண்டுபோனது என் அறிவியல் இல்லை. ஆயாவின் நம்பிக்கைக்குள்ளேயே ஒரு கதவு இருந்தது, அதை ஆயாவே திறந்தார். நான் செய்ததெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றது. இதைக் கேட்ட சக ஆசிரியர் ஒருவர், அப்படியானால் நீங்கள் மூடநம்பிக்கையை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டீர்கள் என்றார். நானும் சில ராத்திரிகள் அப்படி யோசித்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவள் குனிந்தாள். இந்த முறை அவள் கண் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்க நான் யாரையும் விடவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். வரிசையில் நின்ற பையன்கள் முணுமுணுத்தார்கள். காட்சி மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துவிடும் என்பதால் அந்தத் தம்பி இரண்டு முறை குழாயைச் சரிசெய்து கொடுத்தார். அவள் எழவில்லை. பிறகு கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்: "டீச்சர், அந்த வளையம் ஒட்டிக்கிட்டு இருக்கா, தனியா இருக்கா?"

இத்தனை வருடத்தில் தெர்மாகோல் உருண்டைக்கு வளையல் மாட்டிய எந்தப் பிள்ளையும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கலிலியோ பார்த்தபோது அவருக்கு அது வளையம் என்றே புரியவில்லை, இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதாகத்தான் தெரிந்தது. எங்கும் தொடாத ஒரு வளையம் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஹைகன்ஸ் என்ற டச்சு வானியலாளர் வர வேண்டியிருந்தது, கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து. தனியாகத்தான் இருக்கிறது என்றேன். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஏறக்குறைய 2,80,000 கிலோமீட்டர், ஆனால் கனம் பல இடங்களில் சில பத்து மீட்டருக்குள்தான், அத்தனையும் துண்டு துண்டான பனிக்கட்டி என்றேன். "அப்போ சுத்திக்கிட்டே இருக்குமா?" ஆமாம், ஒவ்வொரு துண்டும் ஒரு குட்டி நிலா மாதிரி. "நம்மளப் பாக்குதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் பழைய பயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். "நீ இப்போ பாக்கிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அது கிளம்பும்போது இங்கே சூரியனே மறையலை, நீ வீட்டுல இருந்த. அதுக்கு முன்னாடி அது சூரியன்லருந்து அங்கே போயிருக்கு. சனிக்குன்னு சொந்த வெளிச்சம் இல்லை" என்றேன். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

அப்புறம் ஆயாவும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தம்பி குழாயைத் திருகிக் கொடுத்தார். "இவ்ளோண்டா?" என்றார் ஆயா. வேறு எதுவும் சொல்லவில்லை. கரையில் துண்டை விரித்து உட்கார்ந்த பிறகு, "நான் சார்வரி வருஷம் மாசி மாசம் பொறந்தேனாம். இப்ப மறுபடி சார்வரி நடக்குது. வர்ற மாசி வந்தா அறுபது" என்றார்.

பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடம் திரும்பத் திரும்ப வருவது எனக்குத் தெரியும். ஏன் அறுபது என்று நான் யோசித்ததே இல்லை. அன்று அந்த இரண்டையும் மேற்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சட்டென்று தோன்றியது. பிள்ளையிடம் திரும்பி, "பன்னிரண்டுக்கும் முப்பதுக்கும் மீ.சி.ம., மீச்சிறு பொது மடங்கு, என்ன?" என்று கேட்டேன். போன வருடம் ஆறாவதில் நடத்தியது. வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, "அறுபது" என்றாள். "குருவுக்கு ஒரு சுத்துக்கு எத்தனை வருஷம்? சனிக்கு எத்தனை?" கேட்டு முடிக்கவில்லை, அவள் ஆயாவின் தோளைப் பிடித்து உலுக்க ஆரம்பித்துவிட்டாள். "ஆயா, நீ பொறந்ததுலருந்து குரு அஞ்சு சுத்து, சனி ரெண்டு சுத்து, ரெண்டு பேரும் அதே எடத்துக்கு வந்துட்டாங்க!" வீட்டுக்குப் போய், எந்தத் தேதியின் வானத்தையும் காட்டுகிற ஸ்டெல்லேரியம் மென்பொருளில் 1961 பிப்ரவரியைப் போட்டுப் பார்த்தேன். ஆயா பிறந்த அந்த மாசி மாதத்தில், விடியற்காலைக் கிழக்கு வானத்தில், வியாழனும் சனியும் வானத்தின் ஏறக்குறைய இதே பகுதியில் அருகருகே நின்றிருந்தன.

27-ந் தேதி காலையில் கோயிலில் எள் தீபம் ஏற்றிவிட்டு வந்ததாக ஆயா போனில் சொன்னார். சாயந்திரம் ஏழு மணிக்கு அதே போனில் பிள்ளை பேசினாள். ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தாளாம், தொலைநோக்கி இல்லாமல்.

"டீச்சர், ரெண்டும் பிரிஞ்சிடுச்சு. குரு மேலே ஏறிட்டாரு. சனி கீழயே நிக்குது. ஆறு நாள்ல இவ்ளோதான் நடந்திருக்கு."